பூசணிக்காய், எலுமிச்சை, அப்புறம் நான்

எனக்கு லிஃப்ட் என்றால் பயம். பிழைப்போ லிஃப்டுக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதுவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாம்புப் பண்ணையில் வேலை பார்க்கிறவன் பாம்பைக் கட்டிக்கொண்டா தூங்குகிறான்? கதவு மூடுகிற நொடியில் என் வயிற்றுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று தனியாகக் கழன்றுகொள்ளும். லிஃப்ட் மேலே போகும், அது கீழே போகும். மாடம்பாக்கத்தில் வீடு பார்த்தபோது தரைத்தளம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். மனைவியிடம் சொன்ன காரணம், செடி வளர்க்கலாம். இன்றுவரை ஒரு துளசிகூட எங்கள் வாசலில் பிழைத்ததில்லை.

இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நான் சேர்ந்த இடம், முடிச்சூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. நாலு மாடி, ஐந்து மாடி அபார்ட்மெண்டுகளுக்கு லிஃப்ட் போடுவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது லிஃப்டோ, பழைய லிஃப்டில் புது நிரலோ, முதலில் வாசலில் பூசணிக்காய் உடையும். பிறகு லிஃப்டின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம். அதற்கடுத்து, நிரல் எழுதியவன் தனியாக உள்ளே ஏற வேண்டும். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே அவன் போய்க்கொண்டிருக்கும்போது, மொட்டை மாடியில் மெஷின் ரூமில் நிற்கிற மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைப்பார். கரண்ட் போனால், பேட்டரியின் பலத்தில் லிஃப்ட் தானாகவே பக்கத்து மாடிக்கு ஊர்ந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் நிரல் பாஸ். திறக்காவிட்டால், எழுதியவன் உள்ளேயே உட்கார்ந்து எங்கே தப்பு என்று நிதானமாக யோசிக்கலாம்.

"சமைச்சவன்தான்பா மொதல்ல சாப்பிடணும்," என்பார் முதலாளி. அவர் வீட்டில் சமைப்பது அவர் மனைவி. முதலில் சாப்பிடுவது அவர்.

வருடக்கணக்கில் இந்தச் சடங்கைத் தாண்டி வந்துவிட்டேன். பயம் குறையவில்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே ஆறுதல், கம்பைலர் நான் எழுதியதில்லை என்பது.

கம்பைலர் என்றால் வேறொன்றுமில்லை. தாம்பரம் பக்கம் மைதானங்களில் நடக்கும் நற்செய்திக் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்ப் பிரசங்கியார் மேடையில் ஆங்கிலத்தில் முழங்குவார். பக்கத்திலேயே ஒருவர் நின்று, அவர் கை தூக்கினால் தானும் கை தூக்கி, அவர் அழுதால் தானும் அழுது, அப்படியே தமிழில் சொல்லுவார். நான் எழுதும் நிரல் பிரசங்கம். லிஃப்டை ஓட்டும் மின்னணுப் பலகையில் இருக்கிற சிப், கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் சபை. நடுவே நிற்கிற அந்த ஆள்தான் கம்பைலர். பிரசங்கியார் "நில்" என்று சொல்லி, அந்த ஆள் "போ" என்று சொன்னால், சபை போய்விடும். இத்தனை நாளும் எங்களிடம் இருந்தவன் விலை கொடுத்து வாங்கியவன், பல வருடம் தேறியவன். அவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நான் லிஃப்டில் ஏறுவேன்.

ஒரு டிசம்பர் மழையில் அவன் செத்துப்போனான்.

ஆபீசுக்குள் மேஜை உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், கம்பைலர் குடியிருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் சேறு. அதை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டோம். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. நாங்கள் எழுதி வைத்திருந்த நிரல் மட்டும், எப்போதோ நான் எனக்கே அனுப்பிக்கொண்ட ஒரு மெயிலில் பத்திரமாக இருந்தது. பிரசங்கம் இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை.

அதே மழையில் சேலையூரில் ஓர் அபார்ட்மெண்டில் எங்கள் லிஃப்டின் பலகை நனைந்து போயிருந்தது. மாற்றுப் பலகை கைவசம் இருந்தது. அதற்குள் நிரல் இல்லை. லிஃப்ட் கீழேயே நின்றுவிட்டது. நாலாவது மாடியில் ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு நடப்பவர். அவர் எனக்கே போன் செய்தார்.

"தம்பி, அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தே ஆகணும். கீழ் வீட்டுப் பசங்க சேர்ல வச்சு தூக்கிட்டுப் போறோம்ங்கறாங்க. நாலு பேர் தூக்கற நாள் ஒண்ணு எப்படியும் வரத்தான் போகுது. அதை இப்பவே ஒத்திகை பார்க்கணுமா? லிஃப்ட் ஓடிடும்ல?"

"ஓடிடும் மேடம்," என்றேன். என் வாய்க்கும் என் வயிற்றுக்கும் எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை கிடையாது.

முதலாளிக்குத் தீர்வு தெரிந்திருந்தது. "ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு சும்மாவே கெடைக்குதாமே. அதை எறக்கிப் போட்டுக்கோயேன்."

இறக்கினேன். எங்கள் சிப் ரொம்பப் பழசு. தயாராகக் கிடைத்த கம்பைலரில் அதற்கான பகுதியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மூல நிரலில் அது இன்னும் இருந்தது. நாமே கட்டிக்கொண்டால் உண்டு. அதாவது, மேடையில் நிற்கப்போகும் ஆளை எலும்பு எலும்பாக என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நானே செய்ய வேண்டும். ஐயா, நான் ஸ்டீல் பீரோவை மாட்டினால் கடைசியில் நாலு ஸ்க்ரூ மிச்சமாகும்.

கட்டுவதற்கு முன் அது ஒவ்வொன்றாக விசாரிக்கும்: இது இருக்கிறதா, இருக்கிறது, அது இருக்கிறதா, இல்லை. இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். அதைத் தேடிக் கொண்டுவந்து போட்டால், அதற்கு வேறொன்று வேண்டும் என்னும். தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழுக்கு இன்னொரு சான்றிதழ் கேட்பார்களே, அதே முகம், அதே நிதானம். கடைசியில் எல்லாவற்றுக்கும் "இருக்கிறது" வந்தபோது, சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். கட்டும் வேலைகளை ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டலாம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். நான் எண்ணைக் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் அது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். காலை வேளையில் தாம்பரத்தில் காலி ரயில் வந்து நின்றதும் மொத்தக் கூட்டமும் ஒரே கதவில் நுழையுமே, அப்படி. யாரும் உள்ளே போக முடியவில்லை. லேப்டாப் விசிறி அலறியது, திரை உறைந்தது, சுட்டி அசையவில்லை.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். லேப்டாப்பின் மேல் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே போய், மழைக் குளிரில் புளிக்காமல் கிடந்த இட்லி மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

"உன் வேலை ஆகுதோ இல்லையோ, இது ஆகட்டும்."

மாவுதான் முதலில் ஆனது.

இரண்டாவது முறை எண் கொடுத்து, பயபக்தியோடு தொடங்கினேன். முடிந்தது. கம்பைலர் எழுந்து நின்றான். அவனோடு கூடவே சோதனை நிரல்களும் வரும். ஒவ்வொன்றையும் ஓட்டி, தேறியது, தேறவில்லை என்று சொல்லும். தேறியது, தேறியது என்று மழைபோல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவே சில தேறவில்லை.

இணையத்தில் தேடினேன். சில வருடங்களுக்கு முன் எவனோ ஒருவன் அச்சு அசலாக இதே தோல்விகளைப் போட்டு, என்ன செய்வது என்று கதறியிருந்தான். ஆவலோடு கீழே போனேன். அவனே இரண்டு நாள் கழித்து எழுதியிருந்தான்: "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதன் எங்கிருந்தாலும் லிஃப்டில்லாத பத்தாவது மாடியில் வாழட்டும்.

தோற்றவை எல்லாமே பெரிய எண்களை வகுக்கும் சோதனைகள். எங்கள் நிரலில் வகுத்தல் எங்கே வருகிறது என்று தேடினேன். ஒரே ஓர் இடம். கரண்ட் போனதும் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடும் இடம். ஊரில் எத்தனையோ இடம் இருக்க, அது அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

வகுத்தலை எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கழிக்கிற மாதிரி மாற்றி எழுதினேன். மாடிக்கு ஒரு பல்பாகப் பலகையில் மாட்டி, மேஜையிலேயே ஓட்டிப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினால், கொஞ்சம் பொறுத்து, பக்கத்து மாடி பல்பு எரிந்தது.

"ஓடுதே. அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் மனைவி.

"பல்பு விழுந்தா அடிபடாது."

வகுத்தலில் பொய் சொன்னவன் மற்றதில் சொல்ல மாட்டான் என்று என்ன உறுதி? இதை முதலாளியிடம் சொன்னேன். "சார், சில டெஸ்ட் ஃபெயிலு."

"மத்தது?"

"பாஸ் சார்."

"உன் காலேஜ் மார்க்கை விட நல்லாத்தானே இருக்கு? லிஃப்ட் ஏறுமா, ஏறாதா?"

"ஏறும் சார். நிக்கணுமே."

புது நிரலோடு பலகையை மாட்டிய அன்று காலை சேலையூரில் வெயில் அடித்தது. பூசணிக்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. மெக்கானிக் அனகாபுத்தூர்க்காரர், என்னைவிடப் பெரியவர். என் முகத்தை ரசித்துப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி எலுமிச்சம்பயம் கலருக்கு வந்துகினு கீது? நாலோட அஞ்சா உன்னியும் மூலைல வச்சிரலாமா?"

"அண்ணா, பிரேக் எல்லாம் சரியா பாத்தீங்கல்ல?"

"பாத்தாச்சு சார். கயிறே அறுந்தாலும் வுயாது. பேஜார் பண்ணாம ஏறு. நான் மேலதான கீறேன்."

விழாது என்று எனக்கும் தெரியும். கயிறு அறுந்தால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிடிகள் உண்டு. படம் போட்டு விளக்குவேன். ஆனால் என் பயம் படிப்பறிவில்லாதது.

லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி, நாலை அழுத்தினேன். கதவு மூடியது. வயிறு கீழே போனது. லிஃப்ட் மேலே போனது. ஒன்று. இரண்டு. இப்போது அணைப்பார், இப்போது அணைப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விளக்கு போனது. விசிறி நின்றது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு அந்தரத்தில் நின்றது. மூலையில் ஒரு சின்ன அவசர விளக்கு மட்டும் எலுமிச்சம்பழத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது, என்னுடையதுதான். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. மாடம்பாக்கம் கோயிலை இத்தனை வருடமாக டாக்டர் நடக்கச் சொன்னதற்காகத்தான் சுற்றி வந்திருக்கிறேன். அன்று அந்தச் சிவனை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"அண்ணா!"

மேலேயிருந்து குரல் இறங்கி வந்தது. "இன்னா சார்?"

"மெயினைப் போடுங்கண்ணா!"

"த்தோ பாருடா! இப்பதான சார் ஆஃப் பண்ணேன்!"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் கண் சிமிட்டும். போய், உடனே வரும். அதில் குழம்பிவிடக் கூடாதே என்று, பேட்டரிக்கு மாறுவதற்கு முன் கொஞ்சம் பொறு என்று எழுதியிருந்தேன். நான்தான் எழுதினேன். அந்தக் கொஞ்சத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியதும் நான்தான். சாப்பாட்டு மேஜையில் அது ஒரு வாய் காபி. ஆனால் பொறுத்திருக்கிற லிஃப்டுக்கும் செத்துப்போன லிஃப்டுக்கும் உள்ளே நிற்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. என் ஆள் நான் சொன்னதைச் சொல்கிறானா, இல்லை மேடையில் மயங்கி விழுந்துவிட்டானா?

மோட்டார் உறுமியது. லிஃப்ட் மெதுவாக, மிக மெதுவாக, கீழே ஊர்ந்தது. இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. எதிர் வீட்டு வாசலில் ஒரு தொட்டியில் துளசி, தளதளவென்று.

"பாஸா சார்?" என்று மேலேயிருந்து கேட்டது. தலையாட்டினேன். மொட்டை மாடிக்குத் தெரிந்திருக்காது.

கரண்ட் வந்ததும் அதே லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போனேன். கஞ்சி போட்ட சேலையில், வாக்கரைப் பிடித்தபடி டீச்சர் தயாராக நின்றார். கீழே ஆட்டோ காத்திருந்தது.

"வாங்க மேடம். டெஸ்ட் பண்ணியாச்சு."

அவர் ஏறவில்லை. "பரீட்சை எழுதிட்டு வந்த எத்தனை பசங்க மூஞ்சியப் பார்த்திருக்கேன். பாஸான மூஞ்சியாப்பா இது?"

மறைக்கத் தெம்பில்லை. கம்பைலரை நானே கட்டியதையும், சில சோதனைகள் தேறாததையும், வகுத்தலை எடுத்துவிட்டதையும் சொன்னேன்.

"வகுத்தல்தானே? என் க்ளாஸ்ல பாதிப் பேருக்கு அது வராது. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க." சிரித்தார். ஆனால் வாக்கரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. "எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி. நிக்கறப்ப ஒரு குலுக்கு குலுக்கி நான் விழுந்தேன்னா, இந்த எலும்பு இன்னொரு தரம் ஒட்டாதுன்னுட்டாங்க. நீங்க கூட வர்றீங்கன்னா வர்றேன்."

முதலாளியின் வழக்கத்தில் இது இல்லை. சமைத்தவன் ஒரு வாய் சாப்பிட்டால் போதும். பையைச் சுவரோரம் வைத்துவிட்டு ஏறினேன். ஒரு கையால் வாக்கரையும் இன்னொரு கையால் அவர் முழங்கையையும் பிடித்துக்கொண்டேன். கதவு மூடியது.

இறங்கும்போது நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நினைத்தேன். ஆனால் கூடவே, தரைத்தளத்துக்கு வரும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லும் வரிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். குறை. இன்னும் குறை. இன்னும். நில்.

"கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஃபேன் காத்து மேடம்."

நின்றது. நின்றதே தெரியவில்லை, கதவு திறந்து வெயில் உள்ளே வந்தபோதுதான் தெரிந்தது. வாக்கர் ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே போனது. டீச்சர் ஆட்டோவில் உட்கார்ந்து, வாக்கரை மடக்கி வைத்துக்கொண்டு, "திரும்பி வரும்போதும் இருப்பீங்கல்ல?" என்றார்.

"இருப்பேன் மேடம்," என்றது வாய்.

ஆட்டோ திரும்பும்வரை நின்றேன். அப்புறம்தான் லேப்டாப் பை நாலாவது மாடியில் இருப்பது நினைவு வந்தது. லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகப் பொறுத்திருந்தது. மெக்கானிக் இன்னும் மேலேயிருந்து இறங்கி வரவில்லை. யாரும் பார்க்கவில்லை.

படிக்கட்டில் ஏறினேன்.