கேபிள் வாங்கப் போன இடத்தில்

என் மனைவி கடைசியாகப் பேசிய அழைப்பு போனில் பதிவாகியிருக்கிறது. வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து பேசினாள். முடிவில் அவள் ஏதோ சொல்வது இன்ஜின் சத்தத்தில் புரியாது. மறுநாள் மாரடைப்பில் போய்விட்டாள்.

விலை உயர்ந்த ஆடியோ கேபிளில் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்று படித்துவிட்டு, இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா சாதா கேபிளையும் அதையும் மாற்றி மாற்றி மாட்டி, என் போனிலிருந்த அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. சத்தம் ரெக்கார்டுலயே கீது, இன்னா ஒயர் போட்டாலும் போவாது. யாருங்க பேசறது?"

"எங்க வூட்டுக்காரிங்க. இப்ப இல்ல."

கடையில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு, அவரே இன்னொரு முறை போட்டார். அப்போதும் புரியவில்லை.

அந்தக் கேபிள் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அவள் சொன்னது காதில் விழாமலேயே நான் "சரி, சரி" என்று போனை வைத்தது சாதா கேபிளிலேயே நன்றாகக் கேட்கிறது.