பூத்தால் தாழை, குத்தினால் கைதை

நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "டீச்சரே, நம்ம தாழைக்காரரு போயாச்சு, கேட்டியளா? காலத்தயாக்கும்" என்றாள். ஊருக்கே அண்ணனான யேசுவடியான் அன்று காலையில் இறந்துவிட்டார். வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் நின்றேன். இன்னும் ஒரு மழைக்காலம் இருந்து தொலைத்தால் என்ன என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வீடும் தெரியும். திருப்புறத்துக்குக் கீழே, ஓடை ஆற்றில் போய்ச் சேருகிற இடம். கரை நெடுகத் தாழைக் காடு. ஊருக்கெல்லாம் அதன் பூமணம்தான் பெரிது. அவருக்கு வேர். தண்டிலிருந்து இறங்கிச் சேற்றில் கால் ஊன்றி நிற்கிற வேர்களைக் காட்டி, "இது நமக்கு வேலியில்ல, தண்ணிக்காக்கும் வேலி" என்பார். விரால் குஞ்சு பொரித்ததும் நீர்க்கோழி கூடு கட்டியதும் அந்த வேர்களுக்கு நடுவில்தான். ஆற்றுவாயை அடைத்த மணல் உடைந்து, பொழி திறந்து கடல்நீர் ஏறும் நாட்களில் எங்கள் வயலுக்குள் உப்பு வராமல் பார்த்துக்கொண்டதும் அந்தக் கரைதான்.

எல்லைப் போராட்ட வருஷங்களை இளையவர்கள் இப்போது கதையாகக் கேட்கிறார்கள். தமிழ் பேசுகிற எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொன்னோம், அவ்வளவுதான். அதற்குப் போலீஸ் வீடு வீடாக ஏறி அடித்தது. என் தம்பி செல்வராஜும் அவன் கூட்டாளிகள் இருவரும் அந்தத் தாழைக் காட்டுக்குள் ஒளிந்தார்கள். உடம்பெல்லாம் முள் கிழிக்கிற இடம். அண்ணனின் மனைவி எஸ்தர் மைனி, வாத்துக்குத் தவிடு கொண்டுபோகிற சாக்கில் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனாள்.

ஒரு மத்தியானம் போலீஸ் கரைக்கே வந்துவிட்டது. ஏட்டு லத்தியால் தாழையைத் தட்டி, "இது எந்தாடா?" என்று அண்ணனைக் கேட்டார். தாழை என்றால் தமிழன், போராட்டக்காரன். மலையாளத்தில் கைதை என்றால் பிழைத்தான். அன்றைக்கு அப்படித்தான் ஆள் பிரித்தார்கள். இரண்டு பாஷையும் எங்கள் வாயில் ஒன்றாகவே கிடந்தது என்பது அவர்களுக்கு எங்கே புரியும்! அண்ணன் சிரித்துக்கொண்டே, "பூத்தா தாழை, குத்தினா கைத, ஏமானே" என்றார். அறை விழுந்தது. வாயில் ரத்தம். மறுநாள் இரண்டு முனையிலும் தீ வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

அடியில் எத்தனையோ வருஷத்துச் சருகு. தீ பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வழியே கிடையாது. அண்ணன் ஏட்டின் காலைப் பிடித்தார். "தீ வச்சா எங்க ஓலக்கூர எல்லாம் போவும் ஏமானே. நாங்களே வெட்டித் தாறோம்." திரும்பத் துளிர்க்காதபடி வேர்மூட்டோடு தோண்டி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் எஸ்தர் மைனி சொன்னது என் காதில் விழுந்தது. "மூட்டோட எடுத்தா கர நிக்காது, பாத்துக்கிடும்."

"கர போனா மண்ணு போவும். மூணு உயிரு போனா?" என்றார் அவர். வெட்டுகத்தியை மைனியே எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஊரே திரண்டு வெட்டியது. எங்கள் ஊரில் பாய் முடையத் தாழையோலையைக் கட்டுக் கட்டாகச் சுமப்பது வழக்கம்தானே. முகம் மறையக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, வெட்டுகிற ஆட்களோடு ஆட்களாக அந்த மூவரும் போலீஸைக் கடந்து நடந்துபோனார்கள். என் தம்பியின் முழங்காலில் ரத்தம் வழிந்ததைப் பார்த்தேன். முள் கிழிக்காத ஆள் அன்றைக்கு அங்கே யார்? ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அடுத்த வைகாசியில், இடவப்பாதி மழையில் கரை உடைந்தது. பட்டப்பகல். மைனி ஆட்டை அவிழ்க்கப் போயிருக்கிறாள். நின்ற மண் அப்படியே சரிந்தது. அவள் உடலைப் பொழிமுகத்தில் கண்டெடுத்தார்கள். பிறகு வயலில் உப்பு ஏறியது. விரால் இல்லாமல் போயிற்று.

எல்லையும் வந்தது. விளவங்கோடு வரை தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். என் தம்பி அந்தப் பக்கத்தில் சர்க்கார் வேலை தேடிக்கொண்டான். ஒருமுறை வந்து அண்ணன் முன்னால் அழுதான். "எலே, உனக்காண்டியா வெட்டினேன்? எவனா இருந்தாலும் வெட்டியிருப்பேன். போ, போய்ச் சோலியப் பாரு" என்று அனுப்பினார். பிறகு வருஷம் தவறாமல் தாழைக் கன்று நட்டார். பாதியை வெள்ளம் கொண்டுபோகும். மறுபடியும் நடுவார். கிறுக்கு என்றார்கள். இதை வாசிக்கிற ஊர்க்காரர்கள் சிலரும் சொன்னீர்கள், எனக்குத் தெரியும்.

அடக்க ஆராதனையில் போதகர் அந்த "எவனா இருந்தாலும்" என்ற சொல்லை எடுத்துப் பிரசங்கித்தார். மனைவியை இழந்தும் மனம் கலங்காத தியாகி என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுத்த படுக்கை. கேட்கக் கூடாததைக் கேட்டேன்: "அண்ணே, மைனிக்கு இப்பிடி வரும்னு தெரிஞ்சிருந்தா வெட்டியிருப்பியளா?"

"மாட்டேன், மக்கா" என்றார். "உந்தம்பி எரிஞ்சிருப்பான். எஸ்தரு இருந்திருப்பா. நீ கேட்டதுனால சொல்லியேன்."

காப்பாற்றப்பட்டவனின் அக்காள் நான். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தியாகியைச் சபை வைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டுப் பிள்ளையைவிடத் தன் பெண்டாட்டி பெரிது என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷனை நான் வைத்துக்கொள்கிறேன். செல்வராஜும் இதை வாசிப்பான். வாசிக்கட்டும்.