மூச்சக்காவின் கோடு

யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அக்கா அவர்களுடைய மூச்சின் போக்கைப் பிடித்துக்கொள்வாள். பேருந்தில் தூங்கி வழியும் கிழவரோடு மெதுவாக, ஓடிவந்து ஏறிய பள்ளிப் பிள்ளையோடு வேகமாக. அவளுக்கே அது தெரியாது. தங்கைக்குத்தான் தெரியும். சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில் படுத்திருக்கையில் அறையில் ஒரு மூச்சுதான் கேட்கும். அக்கா செத்துவிட்டாளோ என்று பயந்து தங்கை தன் மூச்சை அடக்குவாள். அப்போது அறையில் ஒன்றுமே கேட்காது.

ஸ்கேன் மையத்தில் ஸ்கேன் எடுக்கும் வேலை பார்த்த அக்காவுக்குப் பட்டப்பெயரே மூச்சக்கா. ஒலிபெருக்கியில் "இழுங்க... விடுங்க" என்று அவள் சொன்னால் எப்பேர்ப்பட்ட முரண்டுக்காரரும் அடங்கிவிடுவார்.

"எங்க வீட்டம்மா என் பேச்சை இப்படி ஒரு நாள் கேட்டிருப்பாளா?" என்பார் பெரிய டாக்டர்.

"நீங்க முதல்ல அவங்க பேச்சைக் கேளுங்க சார்," என்பாள் அக்கா.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்த தங்கைக்கும் அங்கேயே கணினி வேலை கிடைத்தது. படுத்திருப்பவர் மூச்சு விடும்போது நுரையீரலும் ஈரலும் மேலும் கீழும் நகரும், படம் கலங்கிவிடும். வயிற்றில் கட்டிய பெல்ட் அந்த ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரையும். கோட்டை வைத்துக் கணினி, நகர்ந்ததையெல்லாம் அதனதன் இடத்துக்கு இழுத்துவந்து ஒரே படமாக்கும். அது சரியாக நடந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் தங்கையின் வேலை.

ஒரு மதியம் பழைய கோடுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான ஒரு பெண், ஒரு சிறுவன், விடாத இருமலோடு வந்த ஒரு டெய்லர். வேகம் வேறு, உயரம் வேறு. ஆனால் மூன்றிலும் மூச்சின் உச்சியில் ஒரு சின்னத் தயக்கம். பிறகு பொத்தென்று ஓர் இறக்கம். அக்கா யாருடைய மூச்சைப் பிடித்தாலும் அந்தத் தயக்கம் மட்டும் அவளுடையது. ஒரே பாயில் படுத்த நாளிலிருந்து காதால் மட்டும் அறிந்ததைத் தங்கை இப்போது கண்ணால் பார்த்தாள்.

"அக்கா, இது யாரோட மூச்சு?"

"டெய்லரோடது. பேரு போட்டிருக்கே."

"பேரு அவரோடது. மூச்சு?"

அக்கா கதவைச் சாத்தினாள். "வத்தலா இருக்கிறவங்ககிட்ட பெல்ட் மூச்சை எடுக்க மாட்டேங்குதுடி. கோடு வராட்டி மெஷின் ஆரம்பிக்காது. வெளிய அத்தனை பேரு காத்துக்கிடக்காங்க. என் வயித்துல கட்டிக்கிட்டு, கண்ணாடி வழியாப் பாத்து அவங்களோடயே மூச்சு விட்டேன். மயிரிழை பிசகாது."

"பிசகியிருந்தா? அந்த ஆளை ஒண்ணுமில்லேன்னு வீட்டுக்கு அனுப்பிட்டோமே!"

அக்கா மூன்று பேருடைய கோப்புகளையும் தேடி எடுத்தாள். மூவரையும் திரும்பக் கூப்பிட முடிவாயிற்று. முதலில் டெய்லர்.

"ஏன்னு நீதான் அவருக்குச் சொல்லணும்," என்றாள் தங்கை.

"சொல்றேன். ஸ்கேன் முடியட்டும்."

இந்த முறை தங்கையே துணியை மடித்து அண்டக் கொடுத்து அவர் வயிற்றில் பெல்ட்டை இறுக்கினாள். "ஊருக்கே அளவெடுக்கிறவன் நான். எனக்கே அளவெடுக்கிறீங்களேம்மா," என்று சிரித்தார் அவர்.

அக்கா கண்ணாடியருகில் நின்றாள். ஒலிபெருக்கியை அணைத்திருந்தார்கள். திரையில் கோடு ஏறியது. உச்சியில் தயங்கியது. பொத்தென்று இறங்கியது.

தங்கை திரையைப் பார்த்தாள்; உள்ளே பார்த்தாள். பெல்ட் அவர் வயிற்றில்தான் இருந்தது.

"அக்கா... நீ அவர் மூச்சைப் பிடிக்கிறியா, அவர் உன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாரா?"

"தெரியலடி," என்றாள் அக்கா. "சத்தியமாத் தெரியல."

"வெளிய போ. தெருவுக்கே போயிடு."

அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தயக்கம் கோட்டில் இருந்தது. பிறகு, பிடித்த கையை யாரோ விட்டதுபோல் நழுவிப்போனது. மேலோட்டமான, தத்தித்தத்திப் போகும் ஒரு மூச்சு மிச்சமிருந்தது. அது அவருடையது. அந்தக் கோட்டை வைத்துத் திருத்திய படத்தில், நுரையீரலின் அடியில், ஈரலை ஒட்டி, முதல் படத்தில் தெரியாத ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. டெய்லருக்குச் சீக்கிரமே வைத்தியம் தொடங்கியதால் பிழைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் அக்கா வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். தானே சொல்லிவிடலாமா என்று தங்கைக்கு நாக்கு நுனிவரை வரும். அக்கா சொல்ல வேண்டியதை நாம் ஏன் பறிக்க வேண்டும் என்று விழுங்கிவிடுவாள். அது மரியாதையா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஒரு பகல் வேலை நடுவே அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. அவ்வளவுதான், போய்விட்டாள்.

துக்கம் கேட்க டெய்லரும் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கண்ணெல்லாம் சிவப்பு.

"அந்தம்மா சந்தேகப்பட்டுத் திரும்பக் கூப்பிடலேன்னா நான் எப்பவோ மண்ணோட மண்ணாயிருப்பேன். ஒண்ணே ஒண்ணுதான் அவங்ககிட்ட கேட்டேன், மொதத் தடவை ஏன் தெரியலேன்னு. அடுத்த தடவை வரும்போது சொல்றேன்னாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களாம்மா?"

தங்கை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார்.