வீடு தேடிப் போய்ச் சொன்ன அண்ணன்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்திருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அண்ணனிடம் காற்பந்து ஆடியவர்களுக்கும் வணக்கம். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். லோரி ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. இந்த நினைவு மலருக்கு அண்ணன் மகன் எழுதுவதாக இருந்தான். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணனின் கடைசி நாட்களைப் பற்றி உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். சிலர் கேட்காமலே பேசினீர்கள். அதற்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது காம்பார் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அண்ணனுக்குப் பதினைந்து வயதில் அப்பா காய்ச்சலில் இறந்தார். எனக்கு அப்போது ஏழு. அப்பா ரப்பர் பால் வெட்டிய அதே மர நிரையில் அடுத்த வாரம் அண்ணன் கத்தியோடு இறங்கினார். காலையில் மரம். மாலையில் காற்பந்துத் திடல். எங்களுக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டார் என்று எழுதுவார்கள். தெரிந்தது. ஆனால் பசி தெரியவில்லை.

இருபத்தைந்து வயதில் அண்ணனின் முட்டி உடைந்தது. ஆட முடியாது என்று ஆனதும் தோட்டத்துக் குழுவுக்கு மேனேஜர் ஆனார். அங்கே மேனேஜர் என்றால் எல்லா வேலையும்தான். பயிற்சி கொடுப்பது, கோடு போடுவது, சட்டை துவைப்பது. தோட்டத்தை விற்றபோது குழுவும் கலைந்தது. நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அண்ணனுக்கு நகராட்சியில் புல் வெட்டும் வேலை. அதன்பிறகு ஆயர் தாவார் குழு, ஹுத்தான் மெலிந்தாங் குழு, கடைசியாக ஈப்போவில் ஒரு கம்பெனியின் குழு. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போவார். மழையில் போய் மழையில் வருவார்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவரிடம் ஆடியவர்களுக்குத் தெரியும். ஆட்டத்தன்று காலையில், யாரை ஆடவிடாமல் வெளியே உட்கார வைக்கப்போகிறாரோ அவன் வீட்டுக்குப் போவார். அவனிடம் முதலில் சொல்வார். அதற்குப் பிறகுதான் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார். ஐம்பது மைல் என்றாலும் போவார்.

ஆயர் தாவாரில் ஒரு பையனின் அம்மா அண்ணனை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நானும் கூட இருந்தேன்.

"எம்பையன் என்ன மாடாயா? வேணும்னா புடிச்சிக் கட்டுற, வேணாம்னா அவுத்து வுடுற?"

"அக்கா, தண்ணி இருந்தா குடுங்க."

"தண்ணியா? வெந்நி ஊத்துறேன் வா."

"அதுல கொஞ்சம் தேத்தூள் போடுங்கக்கா. பையன்கிட்ட பேசிட்டு வந்து குடிக்கிறேன்."

தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

என்னையும் ஒருமுறை நிறுத்தினார். நான் அதே குழுவில் இடது பின்னாட்டக்காரன். ஒரே வீட்டில் இருந்தோம். காலையில் அண்ணன் சப்பாத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேட்டைச் சாத்தினார். பிறகு கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லி, "இருக்கானா?" என்று கேட்டார்.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இது என்ன கூத்து! உள்ள இருந்த மனுசன் வெளிய போயி கூப்புடுறாரு."

நான் போனேன். "இன்னிக்கி நீ இல்ல. கால் கனமா இருக்கு ஒனக்கு" என்றார். அவ்வளவுதான். கோபம் வந்தது. இரண்டு நாளில் போய்விட்டது. திடலில் எல்லார் முன்னாலும் தெரிந்திருந்தால் போயிருக்காது.

ஆனால் அண்ணனுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆயர் தாவாரில் ஒரு மாலை திடலுக்குப் போனார். வேறொரு ஆள் விசிலோடு நின்றார். பையன்கள் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கில் சாப்பாட்டுக் கடைக்காரர்தான் முதலில் சொன்னார், "கோச், ஒங்களுக்குப் பதிலா ஆள் போட்டாச்சாமே." ஈப்போவில், குழுச் செயலாளரின் மகனை உட்கார வைத்தார். அதற்கும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். அந்த வாரமே கைப்பேசியில் இரண்டு வரி வந்தது. அண்ணன் அதை என்னிடம் காட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கானுங்க. நன்றி எல்லாம் போட்டிருக்கு" என்றார்.

அதன்பிறகு எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. ஆனால் சட்டைகளைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். ஒரே நாளில் முடிகிற வேலை அது.

போன வருடம் அண்ணனுக்கு வயிற்றில் வலி வந்தது. மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். அண்ணன் படுக்கையில் இருந்தார். டாக்டர் அண்ணியையும் மகனையும் என்னையும் வெளியே அழைத்தார். கட்டி என்றார். பரவிவிட்டது என்றார். சில மாதங்கள் என்றார். டாக்டர் தானே உள்ளே வந்து நோயாளியிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம்.

காரில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே விட்டுருவாரு. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். அண்ணனிடம் புண் என்று சொன்னோம். மருந்து சாப்பிட்டால் ஆறும் என்று சொன்னோம். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். வந்தவர்கள் எல்லாரும் சிரித்துப் பேசிவிட்டு வெளியே போய் அழுதார்கள். அண்ணன் மட்டும் மருந்தை மணி பார்த்துச் சாப்பிட்டார்.

மூன்று வாரம் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று குழு அவருக்கு முகம் பார்த்துச் சொல்லாமல் விட்டது. நாலாவதாக நாங்கள் நின்றோம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சத்தியத்தையும் மீற முடியவில்லை. லோரியில் தனியாகப் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இறங்கியதும் வாய் வரவில்லை.

ஒரு காலை அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, புண்ணு இல்ல. கட்டி. முத்திருச்சு. வைத்தியம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

பேப்பரை மடித்தார். என்னைப் பார்த்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

"மூணு வாரம் கழிச்சி வர்றியாடா?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை. மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அண்ணியிடம் நானே சொன்னேன், சத்தியத்தை மீறிவிட்டேன் என்று. அண்ணி அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

நாலாம் நாள் அண்ணன் கூப்பிட்டார். "ஹுத்தான் மெலிந்தாங் போலாமா?"

எதற்கு என்றேன். அப்போதுதான் சொன்னார். அங்கே ஹலிம் என்று ஒருவர் ஆடியிருக்கிறார். மீனவர் மகன். ஓர் இறுதி ஆட்டத்தன்று அவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. அண்ணன் கிளம்பிய வழியில் டயர் பஞ்சர். திடலுக்கு வந்து சேர்வதற்குள் அண்ணனுக்குத் துணையாக இருந்த ஆள் பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டார். மகன் ஆடுவதைப் பார்க்க ஹலிமின் அப்பா அன்று கடலுக்குப் போகாமல் வந்திருந்தார். அவர் பக்கத்தில் நின்றபடியே ஹலிம் பட்டியலைப் படித்தார். அன்றோடு குழுவுக்கு வரவில்லை. அண்ணன் அவர் வீட்டுக்குப் போகவில்லை. போக முகம் இல்லை என்றார். இத்தனை வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் அண்ணன் மகனின் காரில் போனோம். பாதி வழி கூடப் போகவில்லை. அண்ணனால் உட்கார முடியவில்லை. வலி. திரும்பச் சொன்னார். திரும்பினோம். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் தானே நடந்து கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தவர். அப்போதே நான் சொல்லியிருந்தால் போய் வந்திருப்பார். எனக்கு அதுதான்.

மகன் எப்படியோ ஹலிமின் எண்ணைத் தேடிப் பிடித்தான். அண்ணன் படுத்தபடியே பேசினார். மலாயில் பேசினார். அன்றைய நாளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம், "சூடா லாமா லா, பாங்" என்று கேட்டது. ரொம்ப நாள் ஆச்சே அண்ணே என்கிறார். பிறகு ஹலிம் நிறைய நேரம் பேசினார். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"சொந்தமா மூணு படகு வச்சிருக்கானாம். நம்ம குழுவுல இருந்திருந்தா ஒண்ணு கூட இருந்திருக்காதாம்." சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருந்தாலும் நேர்ல சொன்ன மாதிரி ஆவாதுடா."

பத்து நாள் கழித்து, விடியும் நேரத்தில் அண்ணன் போய்விட்டார். வயது அறுபத்தாறு. அண்ணியும் மகனும் நானும் பக்கத்தில் இருந்தோம். ஏற்கெனவே யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வரவழைத்துப் பார்த்திருந்தார். எல்லாரையும் அல்ல. முடிந்த வரையில்.

நான் சொன்னதால்தான் அண்ணன் சீக்கிரம் போனார் என்று சிலர் சொல்கிறீர்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நான் வருந்தவில்லை. அந்த மூன்று வாரத்துக்குத்தான் வருந்துகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வலிக்கு மருந்து கொடுத்த தாதிமாருக்கு. கட்டிலைத் தூக்கி வந்து போட்ட பக்கத்து வீட்டுச் சீனருக்கு, கூலி கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்த ஹலிம் அவர்களுக்கு. காடு வரை அண்ணனைத் தோளில் சுமந்த பழைய விளையாட்டாளர்களுக்கு. தூக்கியவர்களில் பாதிப் பேர் அண்ணனால் ஒருநாளாவது உட்கார வைக்கப்பட்டவர்கள். பெயர் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்தோம். முழுவதும் கேட்டார். அழுதார். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. சேர்க்கத்தான் சொன்னார்.

"அந்த மூணு வாரம் ஒங்களது இல்ல தம்பி. ஒங்க வாயக் கட்டிப் போட்டது நானு. அவர்கிட்ட நாந்தான் சொல்லியிருக்கணும். பொண்டாட்டி நான். அதையும் போடுங்க."

போட்டிருக்கிறேன்.