குடிலுக்கு மேலே ஒரு போர் விமானம்

அந்த விமானத்தைச் செய்தது நான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இன்றுவரை வேறு கதைதான் ஓடுகிறது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நாட்டுக் கப்பலின் மாலுமி வேண்டாம் என்று கழித்துவிட்ட சாமான்களில் அதுவும் இருந்ததாம். மூலை நசுங்கிய அட்டைப்பெட்டி. மேலே படம்: இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம், மூக்கில் ஒற்றை விசிறியோடு, புகை கக்கும் இன்னொரு விமானத்தைத் துரத்துகிறது. உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிய்த்தெடுத்து, எண் பார்த்து ஒட்டினால் கையளவு விமானம் வரும். செய்முறைத் தாளில் இருந்தது எங்களுக்குத் தெரியாத மொழி. படங்கள் மட்டும் புரிந்தன.

அப்பா பெட்டியை அண்ணனிடம் கொடுத்தார். பொம்பளைப் பிள்ளைக்கு விமானம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத வீடு அது.

அண்ணன் விமானத்தின் உடம்பை, இரண்டு பாதிகளை, சேர்த்து ஒட்டினான். அவன் செய்தது அவ்வளவுதான். நான் றெக்கையைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டான்.

"கைய வெச்ச, அவ்ளோதான். உனுக்குலாம் இது வராது. நான் லீவுக்கு வந்து முடிச்சிக்கிறேன்."

அடுத்த வாரம் அவன் குருமடத்துக்குப் போய்விட்டான், சாமியாராகப் படிக்க. சின்ன வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்கள் கைவிரித்தபோது, பிழைத்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாளாம். வேண்டிக்கொண்டது அவள், போனது அவன். பத்தாவது முடித்ததும் பெட்டி கட்டிவிட்டார்கள்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். தெருவே வந்து அம்மாவை வாழ்த்தியது. குடுத்துவெச்சவ நீ, குடுத்துவெச்சவ நீ என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அம்மா சிரித்த முகமாக எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அவனை ரயில் ஏற்றிவிட்டு வந்து மீன் கழுவ உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அண்ணன் பேரை எடுப்பதே இல்லை. தெருப் பிள்ளைகள் என்னை ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்; எனக்கு வாய் அதிகம் என்பார்கள். அது உண்மைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்ப்பேன். டிரைவர்கள் லாரிக்கு அடியில் சமைப்பார்கள், சிரிப்பார்கள். அவர்களுக்குக்கூடக் கூட்டாளி இருந்தான்.

ஒரு நாள் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினேன். அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அவன் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "நீயா பண்ண?" என்று கேட்க வேண்டும். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நகவெட்டியால் துண்டுகளை வெட்டி எடுத்தேன். பசை விமானத்தை ஒட்டியதைவிட என் விரல்களை நன்றாக ஒட்டியது. சக்கரத்தைத் திருப்பி ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டினேன். விமானி அரிசி வண்டைவிடக் கொஞ்சம் பெரியவன். அவன் தரையில் விழுந்துவிட, தேடி வீடு முழுக்கத் தவழ்ந்தேன்.

பெயின்ட்தான் என் உயிரை வாங்கியது. படத்தில் மேல்பக்கம் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக, அடிப்பக்கம் வெளிர்நீலம். பழுப்புக்கு, ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்த ரெட் ஆக்சைடு இருந்தது. மற்றதற்குக் காசிமேட்டுக்கு நடந்தேன். கரையேற்றிய படகு ஒன்றுக்கு ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு பாப்பா பெயின்டு?"

"பிளேனுக்கு."

"பிளேனுக்கா? ஓட்டப் போறதும் நீதானா? எங்க வூட்டாண்ட போறப்ப ஒரு ஹாரன் அட்ச்சிட்டுப் போ, எம் பொண்டாட்டி பயந்துக்கட்டும்."

சொல்லிக்கொண்டே பச்சை, நீலம் இரண்டு டப்பாக்களின் அடியிலும் கிடந்ததை வழித்து, தேங்காய் ஓடுகளில் ஊற்றிக் கொடுத்தார்.

படகுக்கு அடிக்கிற பெயின்ட் விமானத்தில் கூழ் மாதிரி நின்றது. கடல் காற்றில் சீக்கிரம் காயாது. காய்வதற்குள் துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரியின் தூள் வந்து படிந்துவிடும். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் சோற்றிலும் கரி, துணியிலும் கரி. ஈரப் பெயின்டில் ஒட்டிய கரி போகாது. அழுதுகொண்டே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் விட்டுப் பெயின்டை இளக்கி, மெல்லிசாக மறுபடி அடித்தேன். சோற்றுக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே ஈரத்துணி போட்டேன். எதற்கும் காத்திருக்காதவள் நான், அதற்குக் காத்திருந்தேன்.

வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம் என்று அம்மா கத்தினாள். பச்சையான என் விரல்களைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவியவளும் அவள்தான். ஆகவே யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் பக்கம் குடில் என்றால் மாடும் ஆடும் இடையர்களும் மட்டும் இல்லை. சாக்கை நனைத்து மலை செய்து, கேழ்வரகு முளைக்கவைத்துப் புல் செய்து, வீட்டில் இருக்கிற பொம்மைகளை எல்லாம் நிறுத்திவிடுவோம். மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் போலீஸ் ஜீப் நிற்கும். குருமடத்தில் திருநாள் பூசை முடிந்துதான் லீவு என்பதால் அண்ணன் வரக் கொஞ்ச நாள் இருந்தது. வாசலில் நுழைந்ததும் அவன் கண்ணில் படும்படி விமானத்தைத் தூண்டில் நரம்பில் கட்டி, பாலன் இயேசுவுக்கு நேர்மேலே தொங்கவிட்டேன். அங்கே தொங்கிய சம்மனசை, சிறகு வைத்த தேவதூதன் பொம்மையை, இறக்கி ஆடுகளோடு நிற்கவைத்தேன்.

வீடு வீடாகக் குடில் பார்த்துப் பரிசு கொடுக்கக் கோயிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.

"இன்னாக்கா இது, பாலன் தலைக்கு மேல சண்ட பிளேனு? குண்டு போட வந்துகீதா?"

"சம்மனசுக்கு இன்னிக்கு லீவு போல," என்றார் மற்றவர். "அக்கா, அத்த மட்டும் கழட்டிருங்க. மத்தபடி சோக்காகீது. பிரைஸ் உங்களுக்குத்தான்."

அம்மா கழற்றுவாள் என்று நினைத்தேன். கோயில்காரர்கள் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை. பெற்ற பிள்ளையையே கொடுத்தவள்.

"அது அங்கதான் இருக்கும்," என்றாள். "எம்புள்ள பண்ணது."

"சாமிக்குப் படிக்கிற தம்பியா? அட! ஆனாலும் அக்கா…"

"பிரைஸும் வாணாம், ஒண்ணும் வாணாம். பாத்தாச்சில்ல, கெளம்புங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நான் பண்ணது!" என்று கத்தினேன். "அவன் ரெண்டே துண்டுதான் ஒட்னான். மீதி எல்லாம் நானு!"

அம்மா அறைந்தாள். வந்தவர்கள் முன்னால். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "எம்புள்ளதான் பண்ணான்," என்றாள். அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

அண்ணன் வரட்டும் என்று இருந்தேன். அவனுக்கு உண்மை தெரியும்.

வந்தான். மெலிந்திருந்தான், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பையைக்கூட இறக்கவில்லை, அம்மா அவன் கையைப் பிடித்துக் குடிலுக்கு இழுத்துப் போனாள்.

"பார்றா, நீ பண்ணிட்டுப் போன பிளேனு. தெருவே இதத்தான் பேசிக்கினுகீது."

அண்ணன் விமானத்தைப் பார்த்தான். பச்சையும் பழுப்பும் சேரும் இடங்களை, பெயின்டுக்குள் மாட்டிக்கொண்ட கரித்தூளை, ரொம்ப நேரம் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். பிறகு அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான். "நாந்தான் பண்ணேன்."

அம்மா அப்போது அழுதாள். அவன் தோளில் முகத்தை வைத்து, ரயில் ஏற்றிய அன்று அழாத அழுகையை எல்லாம் அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நியாயமாக அழ வேண்டியவள் நான் அல்லவா? அண்ணன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினான். நான் போகவில்லை. அவன் லீவு முடிந்து திரும்பும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ண, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்ல, போனேன்.

"எங்க அண்ணன் பொய் சொன்னான் சாமி," என்று தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாமியாரிடம் சொன்னேன். "எங்கம்மாவும். அதுவும் குடிலுக்கு முன்னாடி."

"அவங்க பாவத்த அவங்க சொல்லுவாங்க. நீ உன்னோடத சொல்லும்மா."

யோசித்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. நான் பிளேன் மட்டும்தான் பண்ணேன்."

பிறகு எல்லாவற்றையும் கேட்டார், சொன்னேன். கடைசியில், வெளியே போய் முழங்கால் போட்டு அம்மாவுக்காக ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்லிவிட்டுப் போ என்றார்.

அடித்தது அவள், பொய் சொன்னதும் அவள், செபம் சொல்ல வேண்டியது நானா? அம்மாவுக்கு என்ன குறை, அவள்தான் குடுத்துவெச்சவள் ஆயிற்றே. சொல்லாமலே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.