முன்னங்காலுக்கு நான்கு எல்லை

ராஜாவின் காலில் இருந்த வீக்கத்தைப் பற்றி மதினி முதன்முதலில் எழுதிய தாளைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். 'மேலே முழங்கை, கீழே மணிக்கட்டு, உட்புறம் புடைத்த நரம்பு, வெளிப்புறம் ரோமம் உதிர்ந்த இடம், இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட வீக்கம், சுற்றளவு இவ்வளவு' என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி, மிச்சமிருந்த வெற்றிடத்தை யாரும் எதையும் நுழைத்துவிட முடியாதபடி குறுக்குக்கோடு போட்டு அடைத்திருந்தார். மதினி என் அண்ணன் மனைவி. பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதும் ஓர் அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். நாயின் காலையும் நஞ்சை நிலத்தையும் அவருக்கு ஒரே மாதிரிதான் எழுதத் தெரியும்.

ராஜா பாதி ராஜபாளையம், பாதி எங்கள் தெரு. அண்ணனுக்குக் கங்கைகொண்டானில் ஷிப்ட் வேலை என்பதால், மதினி வேலை முடிந்து வரும்போது வாசலில் அவரை எதிர்பார்த்து நிற்கிற ஒரே ஜீவன் அதுதான். அது நொண்ட ஆரம்பித்தபோது பெரிய மேதாவி போல நான்தான் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி வந்தேன். சிநேகிதன் ஒருவன் தன் நாய்க்குக் கேட்டது என்று சொல்லியிருந்தான். நொண்டல் குறைந்தது. பத்து நாள் என் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம் வீக்கம் வந்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் எலும்புப் புற்றுநோய் என்றார். காலை எடுத்தால் வலி போகும், ஆனால் நோய் நுரையீரலுக்கு ஓடும் என்றார். சில கால்நடைக் கல்லூரிகளில் புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். அண்ணன், கஷ்டப்படுத்தாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றான். மதினி, கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

அவர் தேடிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் பட்ட சோதனைகளில் முக்கால்வாசி வெளிநாட்டில் நடப்பவை. ஒன்று ஆள் சேர்ப்பை முடித்துவிட்டிருந்தது. இன்னொன்று, ஏற்கெனவே கால் எடுத்த நாய்களுக்கு மட்டும். நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டு 'மதினி, கிடைச்சிட்டு' என்று குதிப்பேன். அவர் தாய்ப்பத்திரம் பார்க்கிற கவனத்தோடு கடைசி வரிவரை படித்து, இது நமக்கு ஆகாது என்பார். கடைசியில், ஓர் இரவு ரயில் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரி தகைந்தது. போனில் அந்தக் கல்லூரி டாக்டரை அரை மணி நேரம் கேள்வி கேட்டார். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் யார் நிறுத்துவது, பாதியில் போதும் என்று நாங்கள் சொன்னால் விடுவீர்களா, வலிக்குத் தனியாக மருந்து உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கி எழுதிக்கொண்ட பிறகுதான் விண்ணப்பத்தைத் தொட்டார்.

அதில் ஒரு வரி, இதுவரை கொடுத்த மருந்துகள். அண்மையில் ஸ்டீராய்டு கொடுத்த நாயைச் சேர்க்கமாட்டோம் என்று நிபந்தனையிலேயே இருந்தது. ரத்தத்திலிருந்து இந்நேரம் போயிருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது, விட்டுவிடுங்கள் என்றேன்.

"தம்பி, வில்லங்கத்த மறைச்சு எழுதுன பத்திரம் என்னைக்கும் நிக்காது. குடுத்தத குடுத்தோம்னே எழுதுவோம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு ராஜாவைவிடக் காகிதம்தான் பெரிசு என்று கத்தினேன். அவருடைய கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் பேனாவை வைக்கவில்லை.

"நாளைக்கு ராஜாவப் பாத்துதான் இன்னொரு வீட்டு நாய்க்கு மருந்து குடுப்பாவ. அந்த நாய்க்கு நாம பொய்யவா எழுதி வைக்கது?"

மாத்திரையின் பெயர், எத்தனை நாள், எத்தனை வேளை எல்லாம் எழுதி அனுப்பினார். உடனே சேர்க்க முடியாது, ஸ்டீராய்டு முழுக்க வெளியேற மூன்று வாரம் பொறுத்து நெஞ்சை மறுபடி எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் சுத்தமாக இருந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த மூன்று வாரமும் நான் மதினியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இதற்குள் ஒரு புள்ளி விழுந்துவிட்டால், அதற்குக் காரணம் என் மேதாவித்தனம். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. டாக்டர் சொன்ன வலி மருந்தைக் கொடுத்துக்கொண்டு, வாரம் தவறாமல் டேப்பால் வீக்கத்தை அளந்து அதே நான்கு எல்லையோடு எழுதிக்கொண்டிருந்தார்.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. காலை எடுத்தார்கள், மருந்தும் ஏறியது. மதினி அளந்து எழுதிய தாள்களைக் கல்லூரியில் பிரதி எடுத்து, வளர்க்கிறவர்கள் எழுதும் குறிப்பு இப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் காட்டினார்களாம். சிரித்த நானே அதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன். மூன்று காலோடு ராஜா இரண்டு பொங்கல் பார்த்தது. அதன் பிறகு நோய் நெஞ்சில் இறங்கியது. ராஜா போனதும், உடலைப் பரிசோதனைக்குத் தருகிறோம் என்ற கடைசித் தாளிலும் மதினிதான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பச்சைப்பிள்ளை போல அழுதார்.

இப்போது ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் பாபநாசத்திலிருந்தும்கூட யாராவது எக்ஸ்ரே படத்தோடு வீட்டுக்கு வந்து, எந்தக் கல்லூரி, எப்படி எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள். மதினி முதலில் அவர்களை என்னிடம் அனுப்பிவிடுவார். நான் சொல்வேன், நொண்டுகிறதே என்று நானாக மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அதை மறைக்கச் சொன்னதும் நான்தான் என்று. ஆரம்பத்தில் நாக்கு கூசியது. இப்போது கூசுவதில்லை. அதைச் சொன்னால்தான் என் மதினி எப்பேர்ப்பட்டவர் என்று அவர்களுக்குச் சொல்ல முடிகிறது.