தம்பி பழக்கிய இன்ஜின்

மஸ்கட்டிலிருந்து தம்பியைச் சக்கர நாற்காலியில்தான் கொண்டு வந்து இறக்கினார்கள். அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது குளியலறையில் விழுந்திருக்கிறான்; மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போயிற்று. ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. பசி, வலி, கோபம், வேண்டாம் எல்லாவற்றுக்கும் அதுதான். ‘அக்கா’ என்று கூப்பிட வாயைத் திறப்பான். அதுவும் ‘சரி’ என்றே வரும். வந்ததும் அவனே திகைத்துப்போய் என்னைப் பார்ப்பான்.

அவன் மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கொண்டுவிட வந்தவள் ஒரு வாரத்தில் திரும்பியாக வேண்டும். அவளும் வேலையை விட்டால் எப்படிக் காலம் தள்ளுவது? நான் பூதப்பாண்டியில் தனியாக இருந்தேன். கணக்கு டீச்சர் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். “நான் பாத்துக்கிடுதேன், நீ போ மக்கா” என்றேன். புறப்படும்முன் அவள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து, கட்டிலில் கிடந்தாலும் அவன் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தாள்.

“இது என்னது?”

“பிளேன் இன்ஜின், மைனி. ரிமோட் வச்சு சின்ன பிளேன் விடுவாங்கல்லா, அதுக்கு உள்ளது. வெள்ளிக்கிழமை ஆனா போரும், மைதானத்துக்குப் போயிருவாரு. இது ஆசைப்பட்டு வாங்கினது. பிரிக்கவே இல்ல, அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு.”

மாதங்கள் போயின. பிசியோதெரபிஸ்ட் வந்து கைகாலை நீட்டி மடக்கிவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் அலமாரியைத் துடைக்கையில் அந்தப் பெட்டியை நகர்த்தினேன். “சரி! சரி!” என்று கத்தினான். இடது கையால் அதைச் சுட்டினான். பிரித்து மடியில் வைத்தேன். உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய இன்ஜின். அதைத் தடவினான், முகர்ந்தான். கூட இருந்த விளக்கத்தாளை விரித்துக் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். எழுத்தும் அவனைவிட்டுப் போய்விட்டது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் படித்தேன். புது இன்ஜினை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்டக் கூடாதாம். எரிபொருளைத் தேவைக்கு மேலாகவே விட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். தம்பி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவனோடு பிளேன் விடும் நண்பர் ஒருவர் நாகர்கோவிலில் இருந்தார். அவர் ஒரு கேன் எரிபொருளும், காற்றாடியும், பிளக்கைப் பழுக்கவைக்கும் பேட்டரியும் கொண்டுவந்தார். பின்கட்டில் கிடந்த பழைய பெஞ்சில் பலகை அடித்து அதில் இன்ஜினைத் திருகாணியால் முடுக்கித் தந்துவிட்டு, “காத்தாடிக்கு முன்னால மட்டும் நிக்காதிங்க டீச்சர், விரல் போயிரும்” என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

தம்பியை நாற்காலியோடு வாழைமூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவனுடைய வலது கை இனி நான்தான். குச்சியால் காற்றாடியைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். எரிபொருள் வழிந்து சேலையெல்லாம் அதில் கலந்திருந்த விளக்கெண்ணெயின் வாடை; சின்ன வயதில் வயிறு கழுவ மூக்கைப் பிடித்துக் குடித்த அதே வாடை. “லேய், இது என்னால ஆவாது” என்றேன். தம்பி பிளக்கைக் காட்டினான். கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுத் தட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டது.

அத்தனை சின்னப் பொருளுக்கு அத்தனை சத்தம்! தென்னையிலிருந்த காக்காய்கள் பதறிப் பறந்தன. வெள்ளைப் புகை வாழை இலைகளுக்குள் புகுந்தது. இன்ஜின் திக்கித் திக்கி ஓடுவதுபோல் எனக்குப் பட்டது. சீராக்கலாமென்று எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகப் போனேன். தம்பி என் கையில் ஓங்கி அடித்தான். திக்கட்டும், அப்படித்தான் ஓட வேண்டும் என்று அவன் முகம் சொன்னது. “சரி” என்றான், மெதுவாக. விழுந்த நாள்முதல் அந்தச் சொல் அதன் அர்த்தத்தில் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு சாயங்காலம்தோறும் அதுவே எங்கள் வேலையாயிற்று. ஆறும்வரை அவன் இடது உள்ளங்கையை இன்ஜினுக்குப் பக்கத்தில் காட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை அவன் மனைவி வீடியோவில் கூப்பிட்டபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“மைனி, அதுவா ஓடுது? போனை அங்கன காட்டுங்க.”

காட்டினேன். சத்தம் நின்ற பிறகு, “லீவு கேட்டிருக்கேன். நான் வந்த பொறவு பறக்கவிடலாம், கேட்டேளா?” என்று அவனிடம் சொன்னாள். அவன் திரையை விரலால் தொட்டான்.

இன்ஜின் பழகப் பழக எரிபொருளைக் குறைத்துக்கொண்டே வந்தோம். அவன் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பான், விரலை அசைப்பான், அந்தப் பக்கம் நான் ஊசியை ஒரு பல் திருகுவேன். ஒருநாள் என்னை விலக்கினான். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, அதன் விரல்களை ஊசியின்மேல் ஒவ்வொன்றாக வைத்தான். திருகப் பார்த்தான். நெற்றி நரம்பு புடைத்தது. கை நழுவி மடியில் விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தான், மறுபடி விழுந்தது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்து அழுதான். இன்ஜின் சத்தத்தில் அழுகை எனக்குக் கேட்கவில்லை. அவனைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலியின் பின்னாலேயே நின்றேன்.

அவளுக்கு லீவு கிடைத்தது, டிக்கெட்டும் போட்டாள். அவள் வரவிருந்த வாரத்தில், காலையில் காப்பியோடு எழுப்பப் போனேன், தம்பி எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அடைப்பு என்றார் டாக்டர். பறக்கவிட வர இருந்தவள் அவனை எடுப்பதற்கு வந்து சேர்ந்தாள்.

காரியங்கள் முடிந்ததும் அவளே சொன்னாள்: “இது இஞ்ச கிடந்தா உள்ள துரு ஏறிரும் மைனி. அவருக்க கூட்டாளிக்கிட்ட குடுங்க, ஓடட்டும்.” அது பறப்பதைப் பார்க்க அவள் நிற்கவில்லை. பார்த்தால் திரும்பிப் போக மனம் வராது என்றாள்.

அறுப்பு முடிந்து காய்ந்த வயலுக்கு நண்பர் என்னை அழைத்துப் போனார். இன்ஜினைத் தன் பிளேனில் பூட்டியிருந்தார். தம்பி கடைசியாகச் சரிபார்த்து நிறுத்திய ஊசியை நான் தொடவே இல்லை. நண்பர் இன்ஜினைக் கிளப்பினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், ஊசியை இரண்டு பல் திருகினார்.

“எதுக்கு மாத்துதிய?” என்றேன்.

“இன்னைக்கு வெக்கை கூடுதலாக்கும் டீச்சர். காத்து மாறினா இதையும் மாத்தணும். எப்பவும் அப்படித்தான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. தம்பி இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பிளேன் கட்டாந்தரையில் ஓடி எழும்பி, தாடகைமலைப் பக்கம் திரும்பியது. நண்பர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் வரப்பில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.